பேச்சியம்மாள் மதினி வண்டியை நிறுத்திய இடம்

மதினியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் என் வண்டியின் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போடியில் ரேடியேட்டர் வேலை முடிந்துவிட்டது, பஸ் ஏறிவிட்டேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். பூப்பாறையில் இறங்கிவிட்டு என்னை வரச்சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "எங்க மதினி நிக்கீக?" என்றேன். பதில் சொன்னது ஓர் ஆண்குரல்.

"சேட்டா, நான் பஸ் கண்டக்டர். இந்தச் சேச்சிக்கு நீங்க ஆரா?"

நான் ஆரென்று சட்டென்று சொல்ல வரவில்லை. கூடவே வண்டி ஓட்டுகிறவன் என்றேன். போடிமெட்டு தாண்டியதும் ஜன்னலில் தலை சாய்த்தவர் கூப்பிட்டும் எழவில்லை என்றும், பஸ்ஸை நேராகச் சுகாதார நிலையத்துக்கே ஓட்டி வந்துவிட்டோம் என்றும் அவர் சொன்னார். "வேகம் வரணும்" என்று மட்டும் முடித்தார். உயிர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பஸ் அங்கேயேதான் நின்றது. பயணிகள் ரோட்டோரம் இறங்கி நின்றார்கள். ஒருவர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை. உள்ளே கட்டிலில் மதினி படுத்திருந்தார். கழுத்துவரை வெள்ளைத் துணி. மாரடைப்பு, வலி வந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது என்றார்கள். சுவரோரம் சாக்கில் சுற்றிய ரேடியேட்டர் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கண்டக்டர் அதைக் காட்டி, "பஸ் மேல ஏத்தி வைக்கலாம்னு சொன்னேன். சம்மதிக்கலை. மடியிலேயே பிடிச்சோண்டு வந்தாங்க" என்றார். அதையும் என்னோடுதான் கொண்டுவந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இதை எழுதுவதற்குள் எத்தனை முறை எழுந்து வாசலுக்குப் போய்வந்தேன் என்று என் மனைவியைக் கேட்டால் தெரியும். மதினியை அறிந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஸ்டாண்டில் உள்ளவர்களுக்கு, எஸ்டேட் லயத்து வீடுகளில் உள்ளவர்களுக்கு, ஒருமுறை அவர் ஜீப்பில் மலைக்குப் போய்வந்துவிட்டுப் பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்களுக்கு. ஒரு விஷயத்தை உங்கள் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

பேச்சியம்மாள் மதினியின் கணவர் செல்லத்துரை அண்ணன் எங்கள் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டியவர். நான் அண்ணன் என்று அழைத்ததால் அவர் எனக்கு மதினி ஆனார். வயதில் எங்கள் இருவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அண்ணன் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்கும்போது விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிட்டார். தார்ப்பாய் போர்த்திய ஜீப் ஒரு மழைக்காலம் முழுக்க வாசலில் நின்றது. மதினி அப்போது தேயிலை ஃபாக்டரியில் இலை உருட்டும் இயந்திரங்களுக்கு நடுவே தற்காலிக வேலையில் இருந்தார். வண்டியை யாருக்காவது ஓட்டக் கொடுத்துவிடுவார் என்றுதான் நாங்கள் எதிர்பார்த்தோம். ஒருநாள் அவரே அதை ஓட்டிக்கொண்டு ஸ்டாண்டில் வந்து இறங்கினார்.

"முறைப் பலகையில எம்பேரையும் எழுதுங்க" என்றார்.

கூட்டத்தில் ஒருவர், "மதினி, அந்த ரோட்டுல ஆம்பிளைகளுக்கே இடுப்பு கழண்டுபோகுது" என்றார்.

"எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு இடுப்பு கழண்டுதான் கெடக்கு. இன்னொண்ணும் கழண்டா ரெண்டையும் சேத்துப் போட்டுக்கிடுதோம். நீங்க பேரை எழுதுங்க."

சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கொழுக்குமலைக்கு ஏறுகிற பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதை ரோடு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். பாறையும் பள்ளமும். முதல் கியரில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து ஏறவேண்டும். வேகமாக ஓடுகிற வண்டியின் ரேடியேட்டரை எதிர்க்காற்றே குளிரவைத்துவிடும். ஊர்கிற வண்டிக்கு அந்தக் காற்று கிடையாது, எஞ்சின் முன்னாலிருக்கும் விசிறி ஒன்றுதான் துணை. எங்களுடையவை எல்லாம் பழைய டீசல் ஜீப்புகள். பாதி ஏற்றத்திலேயே டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடப் பார்க்கும். அதனால் நடுவில் ஒரு திருப்பத்தில் எல்லா வண்டிகளும் நின்று, பானெட்டைத் தூக்கிவைத்து, சூடு தணிந்த பிறகுதான் கிளம்பும். நாங்கள் ஆளுக்கொரு பீடி பற்றவைப்போம். மதினிக்கு மட்டும் அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. சோறு வேகும்வரைகூட அடுப்புக்கு முன்னால் நிற்காத ஆள் அவர். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார் என்று அண்ணன் கேலி செய்வதுண்டு.

அடுப்பங்கரையில் கேலியாக இருந்தது மலையில் விபரீதமாகிவிட்டது. அவருடைய முதல் சீசன். சூரியோதயம் பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் ஏறினோம். வண்டியில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். சூரியன் வந்துவிடும், போகலாம் போகலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பானெட்டின் கீழே தண்ணீர் கொதிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. மதினி ஒரு சாக்கை மடித்து ரேடியேட்டர் மூடிமேல் வைத்துத் திருகப்போனார். "மதினி, தொடாதீக!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் மூடி தெறித்தது. கொதிநீரும் ஆவியும் இடதுகையில் முழங்கைவரை அடித்தன. அவர் குடிதண்ணீரைக் கேனோடு சாய்த்துக் கையில் ஊற்றிக்கொண்டு பல்லைக் கடித்து நின்றார்.

அந்தக் குடும்பத்தை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர்கள் சூரியனைப் பார்த்தார்கள். திரும்ப இறங்கலாம் என்று வந்தால், துண்டு சுற்றிய கையோடு மதினி மேலே வந்து நிற்கிறார். வண்டி ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, ஒற்றைக் கையால் கியர் மாற்றி ஏறி வந்திருக்கிறார்.

"ஏத்திவிட்டது நீங்க, எறக்குறது நான். இது எம்முறை" என்றார்.

அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. கேட்ட பயணிகளிடம், "பொறுமை இல்லாதவளுக்கு வண்டி வச்ச அடையாளம்" என்று சொல்வார்.

அதன்பிறகு அவர் காத்திருக்க ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியை நிறுத்தியதும் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுவார். ஜீப்பைச் சுற்றி, திருப்பத்தின் விளிம்புவரை, மறுபடி ஜீப்பைச் சுற்றி. "வண்டி நிக்கட்டும், நான் நடக்கேன்" என்பார். சில நாள் பயணிகளும் அவர் பின்னாலேயே நடப்பார்கள். பார்ப்பதற்குக் கோயில் சுற்றுவதுபோல இருக்கும். நாங்கள் பீடியோடு உட்கார்ந்து சிரிப்போம். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

பொறுமை இல்லாதவர் என்றேன். ஆனால் அந்த ஜீப்பின் தண்ணீர் வழிகளை அவர் பார்த்துக்கொண்டதுபோல் எங்களில் யாரும் பார்த்துக்கொண்டதில்லை. நாங்கள் ஓடையில் மொண்டு ஊற்றுவோம். அவர் ஊற்ற மாட்டார். ஓடைத் தண்ணீர் உள்ளே துருவாகித்தான் வெளியே வரும் என்பார். கூலண்ட் என்கிற பச்சை நிறக் குளிர்விப்புத் திரவத்தை வாங்கி, கொதித்து ஆறின நல்ல தண்ணீரில் கலந்து, ஒரு கேனில் வண்டியிலேயே வைத்திருப்பார். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே சேறும் புல்விதையும் பூச்சியும் அடைத்துக்கொள்ளும். வாரக்கடைசி ஓட்டம் முடிந்ததும் எஞ்சின் பக்கத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி, பழைய பெயின்ட் பிரஷால் தட்டித் தட்டி எடுப்பார். முன்பக்கமிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும் என்று எங்களோடு சண்டைக்கு நிற்பார். ரப்பர் ஹோஸ்களை மழை தொடங்குமுன் விரலால் அமுக்கிப் பார்ப்பார். கல்லாகிப்போனதையும் கொழகொழத்ததையும் அன்றே மாற்றிவிடுவார். கடைக்காரர் நாளைக்கு வரும் என்றால், அடிமாலிக்கே பஸ் ஏறிவிடுவார்.

எப்போதும் அவர் சொன்னதே சரியாக இருந்ததும் இல்லை. தண்ணீர் சூடாகும்வரை அதை எஞ்சினுக்குள்ளேயே நிறுத்திவைக்கிற ஒரு சின்ன வால்வு உண்டு, தெர்மோஸ்டாட் என்பார்கள். அது இருந்தால்தான் வண்டி கொதிக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதைக் கழற்றி வீசிவிட்டார். நான் வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. மார்கழிப் பனியில் எஞ்சின் சூடே ஏறாமல் வெள்ளைப்புகை கக்கியது. ஏற்றத்தில் இழுக்கவில்லை. டீசலைக் குடித்தது. ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தார், நான் சொன்னது பலித்துவிட்டது என்ற கோபத்தில். பிறகு ஒரு காலை புது வால்வை என் கையில் கொடுத்து, "சிரிக்காம மாட்டுங்க" என்றார். சிரிக்காமல் மாட்டினேன்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

தென்மேற்கு மழை ஓய்ந்தும் ஓயாத நேரம். சுற்றுலாக்காரர்கள் இல்லை. மேலே டீக்கடை வைத்திருந்த சுடலைமணிக்குக் கேஸ் சிலிண்டரும் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மதினி கிளம்பினார். என் வண்டி ஒர்க்ஷாப்பில் கிடந்ததால் நானும் தொற்றிக்கொண்டேன். மணியின் அண்ணன் இசக்கிமுத்துவும் எங்களோடு வந்தான். அவனும் எங்கள் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிறவன்தான். அன்று அவன் வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை உடைந்திருந்தது. நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது மணி கடைக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தான். மழையில் இளகிய பாறை ஒன்று உருண்டு அவன் வலதுகாலின் மேல் விழுந்திருந்தது. மூவரும் கடப்பாரை போட்டு நெம்பி அவனை இழுத்தோம். முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. இசக்கியின் கைலியைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினோம். ஃபோனில் சிக்னல் இல்லை. ஜீப்பின் பின்னால் பலகை போட்டுக் கிடத்தினோம். அவன் தலை என் மடியில். இசக்கி அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

மதினி அவ்வளவு வேகமாக இறங்கி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பாறைக்கும் மணி அலறினான். பிறகு அலறல் முனகலாகியது. பாதி வழியில் முன்னாலிருந்து டமாரென்று ஒரு சத்தம். கண்ணாடியெல்லாம் ஆவி. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்துவிட்டது. மதினி எஞ்சினை நிறுத்திக் கையில் கல்லோடு குதித்தார். சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆறணும்" என்றார்.

இசக்கிக்குப் புரியவில்லை. "என்னது ஆறணும்? ஓட்டுங்க மதினி!"

"தண்ணி பூராவும் போயிருச்சு. இப்படியே ஓட்டுனா இன்னும் நாலு வளைவுல எஞ்சின் இறுகிரும்."

"இறுகட்டும்! வண்டி போனாப் போவுது. எந்தம்பி கெடக்கான்!"

"வண்டி போறதைப் பத்தி யாரு பேசுனா? நடுவழியில இறுகுனா இவனைத் தூக்கிட்டு நடக்கணும். அது முடியுமா?"

"எஞ்சினை அணைச்சுட்டு உருட்டி எறக்குங்க."

"இந்த எறக்கத்துல வெறும் பிரேக்கை நம்பியா? நாலு பேரும் பள்ளத்துல கெடப்போம்."

அவர் பேசிக்கொண்டே வேலையைத் தொடங்கிவிட்டார். ஹோஸ் அதை இறுக்கியிருக்கும் கிளாம்ப் வளையத்தின் ஓரத்தில்தான் கிழிந்திருந்தது. சூடு தாங்காமல் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வளையத்தைத் தளர்த்தினார். கிழிந்த முனையைக் கத்தியால் அறுத்துவிட்டு, மிச்ச ஹோஸை இழுத்துச் செருகி இறுக்கினார். அது முடிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் காத்திருப்பு. கொதிக்கிற இரும்பில் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் எஞ்சின் தலைப்பகுதி விரிசல் விட்டுவிடும். எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். இசக்கிக்கும் தெரியும். ஆனால் அன்று அவன் டிரைவர் இல்லை, அண்ணன்.

அப்போதுதான் மணியின் முனகலும் நின்றுபோனது. கண் மூடியிருந்தான். இசக்கி தம்பியின் கன்னத்தில் தட்டினான். அசைவில்லை. "சத்தமே இல்லயே இவன்ட்ட! செத்துட்டு இருக்கான், நீ எஞ்சினைப் பாத்துக்கிட்டு நிக்க!" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடி, மதினியின் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவர் பம்பரில் போய் இடித்துக்கொண்டார். நிமிர்ந்தார். அன்று அவர் ஜீப்பைச் சுற்றி நடக்கவில்லை. எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, அங்கேயே நின்றார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

கை தாங்குகிற அளவுக்குச் சூடு இறங்கியதும் எஞ்சினை ஓடவிட்டுக் கேனிலிருந்த கூலண்டை மெல்ல மெல்ல ஊற்றினார். போதாததற்குக் குடிதண்ணீரை ஊற்றினார். மூடியைத் திருகியதும் கிளம்பினோம். கீழே இறங்கி, வேறு வண்டி மாற்றி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மணி பிழைத்தான். காலை எடுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நேரத்துக்குப் போயிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று இசக்கி ஸ்டாண்டில் சொன்னான். "பொம்பளைக்கு வண்டிதான் பெருசாப் போச்சு" என்றான். உங்களில் சிலரும் அதைச் சொன்னீர்கள். நான் நடந்ததைச் சொன்னேன். நம்பியவர்கள் நம்பினார்கள். மதினி ஒருவார்த்தை மறுத்துப் பேசவில்லை. இசக்கி ஸ்டாண்டில் இருந்தால் இவர் தன் ஜீப்பின் மறுபக்கம் போய் நின்றுகொள்வார்.

ஆனால் என்னை விடவில்லை. கண்ணாடி துடைக்கும்போது, டீ குடிக்கும்போது, பேசிக்கொண்டிருக்கிற பேச்சுக்குச் சம்பந்தமே இல்லாமல் கேட்பார்: "ஏன் கொழுந்தனாரே, அன்னைக்கு நிக்காமப் போயிருந்தா?" எஞ்சின் இறுகியிருக்கும் மதினி என்பேன். "இறுகாம இருந்திருந்தா? ஒருவேளை தாக்குப்பிடிச்சிருந்தா?" என்பார். கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கே போனார். மணிக்கு அறுவை செய்த டாக்டர் இளவயதுக்காரர், மலையாளி. மதினி கேட்டதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சேச்சி, பாறை விழுந்தப்பவே ரத்தக்குழாய் எல்லாம் நசுங்கிப்போச்சு. நீங்க நின்ன நேரத்தால ஒண்ணும் மாறலை" என்றார். மதினி கும்பிட்டுவிட்டு வந்தார். வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, "அவரு நெசத்தைச் சொல்லுதாரா, என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லுதாரா?" என்று கேட்டார். ஊர் வந்து சேரும்வரை அதையே வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

மணி செயற்கைக்கால் பொருத்திக்கொண்டு மறுபடியும் மேலே கடை போட்டான். மதினி தன் பயணிகளிடம், "அந்தக் கடையில டீ நல்லாருக்கும், போய்க் குடிங்க" என்று கைகாட்டி அனுப்புவார். அவர் போகமாட்டார். வண்டியிலேயே இருந்துகொள்வார். மதினி யார் யாரிடமோ கேட்ட கேள்வியை மணியிடம் மட்டும் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை. நானும் அவனிடம் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவன்தான் நினைவில்லாமல் கிடந்தானே.

அடக்கம் முடிந்து, கோயம்புத்தூரிலிருந்து வந்த மகளும் மருமகனும் வீட்டில் இருந்தார்கள். செல்லத்துரை அண்ணன் கட்டிலில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார். "முருகேசு, அந்த ரேடியேட்டரை மாட்டிரு. சும்மா போட்டு வைக்கவா அவ தூக்கிட்டு வந்தா?" என்றார். எனக்கும் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. வாசலில் ஜீப்பின் முன்னால் குந்தி, போல்ட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தேன். தடி ஊன்றுகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தால், மணி நின்றான். அடக்கத்தன்று மலையிலிருந்து இறங்க வண்டி கிடைக்கவில்லை என்றான்.

பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்தான். மதினியை அக்கா என்றே அழைப்பவன், "அக்காவுக்கு எம்மேல என்னண்ணே கோவம்?" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. "கோவமா?"

"எங்கடைப் பக்கமே வரமாட்டாக. ஆளுகளை அனுப்புவாக, அவுக வரமாட்டாக. நான் என்ன செஞ்சேன்னு நெனச்சு நெனச்சுப் பாப்பேன்."

நான் சொன்னேன். நிறுத்தியதால்தான் உன் கால் போயிற்றோ என்று மதினி கடைசிவரை தவித்தார் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டதையும் சொன்னேன்.

"நிறுத்துனதாலயா? அண்ணே, அந்த ரோட்டுல ஒரே ஒரு நல்ல நேரம் எனக்கு அதுதாண்ணே. ஒவ்வொரு கல்லுக்கும் எலும்பு உள்ள குத்திக்கிட்டே வந்துச்சு. செத்தாத் தேவலைன்னு இருந்தேன். வண்டி நின்னுச்சு பாருங்க, அப்பத்தான் மூச்சே வந்துச்சு. முனகக்கூட வேண்டாம்னு அப்படியே கண்ண மூடிக் கெடந்தேன். அண்ணன் கன்னத்துல தட்டுனது தெரிஞ்சுது, கண்ணத் தொறக்கத்தான் தெம்பில்ல. நீங்க பேசுனது அம்புட்டும் கேட்டுச்சு. அக்கா ஆறணும் ஆறணும்னு சொன்னது கேட்டுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் ஆறட்டும்னுதான் நான் வேண்டிக்கிட்டு இருந்தேன்."

ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது. எந்த போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன் என்று மறந்துபோனது. அவன் மௌனத்தைக் கண்டுதானே நாங்கள் பதறினோம். இசக்கி அதைக் கண்டுதானே மதினியைத் தள்ளினான்.

"இதை ஏண்டா யார்ட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலயே. ஸ்டாண்டுப் பேச்சு எதுவும் மலைக்கு வரல. அக்கா இதை நெனச்சுக் கஷ்டப்படுதாகன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றவன், தடியை நழுவவிட்டு அழத் தொடங்கினான்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அண்ணனுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவர் குரல் வந்தது. "மணி, உள்ள வாடே. அங்கன உக்காந்து அழாத." மணி உள்ளே போனான். கட்டிலில் அண்ணன் பக்கத்தில் அவன் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு நான் கிளம்பினேன். கிரீஸ் கையைக்கூடக் கழுவவில்லை. நேராக ஸ்டாண்டுக்குப் போனேன்.

இசக்கி டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன், மணி சொன்னதை மணி சொன்னபடியே. அவன் முதலில், "எங்கிட்ட அவன் சொல்லலயே" என்றான். "நீ கேட்டியா?" என்றேன். பம்பை நிறுத்தினான். என்னோடு சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை.

"அவன் சத்தம் நின்னப்போ செத்துட்டான்னே நெனச்சேண்ணே" என்றான். "அந்தப் பயத்துல பேசுனது. பேச ஆரம்பிச்ச பெறகு நிறுத்தத் தெரியல."

மதினியின் காரியத்துக்கு வந்தான். வாசலோடு நின்றவனை அண்ணன் கண்ணால் பார்த்தார். கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை. பந்தி பரிமாறும்போது இசக்கி தானாகவே வாளியைக் கையில் எடுத்துக்கொண்டான். கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை குனிந்த தலை நிமிராமல் பரிமாறினான். போகும்போது அண்ணனின் காலடியில் கொஞ்சநேரம் நின்றான். இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மதினி நிறுத்தியதால் மணிக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. நிறுத்தியது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. அன்று ஸ்டாண்டில் அதை வேறுமாதிரிச் சொன்னவர்கள், இனி இப்படிச் சொல்லுங்கள். சொன்னவர்களிடம் கேட்டு வீட்டில் போய்ச் சொன்னவர்கள், வீட்டிலும் திருத்திச் சொல்லுங்கள். இதை மதினி கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்து யோசித்து எனக்கு மாளவில்லை. நெசமாச் சொல்லுதானா என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார். ஆனால் அன்று மாலையே மணியின் கடைக்கு ஏறிப்போய் ஒரு டீ குடித்திருப்பார். அது மட்டும் நிச்சயம்.

அவருடையதென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேட்டுவிடுகிற குணத்தைத்தான். டாக்டரானாலும் கடைக்காரரானாலும் மனதில் இருப்பதை நாளைக்கு என்று வைக்காமல் போய்க் கேட்டுவிடுவாரே, அது. ஒரே ஓர் ஆளிடம் அவரால் கேட்க முடியாமல் போனது. அந்த இடத்திலிருந்து நான் தொடங்கியிருக்கிறேன். இன்று காலை ஏற்றத்தின் பாதியில் வண்டியை நிறுத்தினேன். மதுரையிலிருந்து வந்த குடும்பம். இளைஞர்கள் இறங்கிப் படம் எடுக்கப் போய்விட்டார்கள். பின்சீட்டில் வயதான ஓர் அம்மா மட்டும் கம்பியைப் பிடித்தபடி கண்மூடி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருட ஓட்டத்தில் பின்னால் இருப்பவர்களிடம் நான் இதைக் கேட்டதே இல்லை.

"அம்மா, ரொம்பக் குலுக்குதா? உடம்புக்கு எப்படி இருக்கு?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "இடுப்பு விட்டுப்போச்சுப்பா. இப்பத்தான் கொஞ்சம் நல்லாருக்கு. அவசரமில்லைன்னா இன்னும் சித்த நேரம் நிக்கட்டும்" என்றார்.

எஞ்சின் ஆறிவிட்டிருந்தது. ஆனாலும் நின்றோம்.